மணல் வடக்கே போகிறது: பொறியியல் பேராசிரியர் வாழ்வை எதைக்கொண்டு அளப்பது?

1912 மார்ச் 1ஆம் தேதி மெட்ராஸ் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ஓர் எழுத்தர் சேர்ந்தார். பெயர் ஸ்ரீனிவாச ராமானுஜன். அவர் கதையைப் பள்ளிப் பாடப்புத்தகத்திலேயே படித்துவிட்டோம். அவரைச் சுற்றி இருந்த மூன்று பேரைப் பற்றித்தான் இங்கே பேச்சு. கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், ரயில்வேயிலும் ஆற்றுக் கட்டுமானங்களிலும் அனுபவப்பட்ட சிவில் பொறியாளர். அவருக்குக் கீழே இருந்த எஸ். நாராயண ஐயர், கணித விரிவுரையாளராக இருந்துவிட்டுத் துறைமுக அலுவலகத்துக்கு வந்தவர். மூன்றாமவர் அந்த அலுவலகத்தைச் சேர்ந்தவரே இல்லை: மெட்ராஸ் பொறியியல் கல்லூரியின் சிவில் பேராசிரியர் சி.எல்.டி. கிரிஃபித்.

1912 நவம்பரில் கிரிஃபித், லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் கணிதப் பேராசிரியர் எம்.ஜே.எம். ஹில்லுக்கு ராமானுஜனின் தாள்களைப் பற்றி எழுதிக் கருத்துக் கேட்டார். அதை ஸ்பிரிங்குக்கும் தெரிவித்தார். ஹில் பாராட்டோடு நிறுத்தவில்லை. முடிவிலித் தொடர்களில் இந்த இளைஞர் எங்கே சறுக்குகிறார் என்று சுட்டினார், எந்த நூலைப் படிக்க வேண்டும் என்றும் சொன்னார். 1913 பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் மெட்ராஸ் வந்தபோது அந்தத் தாள்கள் அவர் கைக்குப் போயின. அவர் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுதினார். மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வந்தது, துறைமுகம் விடுப்புக் கொடுத்தது. 1914 மார்ச் 17ல் ராமானுஜன் மெட்ராஸிலிருந்து கப்பலேறினார்.

அந்த ஆண்டுகளில் ஸ்பிரிங் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தார். 1912-13ல் லண்டன் சிவில் பொறியாளர் கழகத்தின் நடவடிக்கைத் தொகுப்பில் அவர் எழுதிய கட்டுரை ஒன்று வந்தது. பொருள், மெட்ராஸ் துறைமுகத்தை ஒட்டிக் கடற்கரை மணல் நகரும் விதம். துறைமுகத்தை நிர்வகித்தவர் அந்தத் துறைமுகத்தின் மணலை ஆராய்ந்து, கண்டதைச் சக பொறியாளர்களின் விவாதத்துக்கு வைத்தார். அதே மேசையில் ஓர் எழுத்தரின் கணிதத் தாள்களுக்கும் இடம் இருந்தது. ஸ்பிரிங் பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்கியவர் இல்லை. ஆனால் பொறியியலில் கல்விப்பணி என்று நாம் சொல்லும் ஆராய்ச்சி, களப்பணி, இளையவரை ஆளாக்குதல் மூன்றும் அவரிடம் ஒரே வேலையாக இருந்தன.

இன்று ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேருகிறவருக்கு இந்த மூன்றும் தனித்தனிக் கோப்புகளாகக் கையில் தரப்படுகின்றன. கற்பித்தலுக்கு ஒரு மதிப்பெண், கட்டுரைக்கு ஒரு மதிப்பெண், நிர்வாகப் பணிக்கு ஒரு மதிப்பெண். வீடு நான்காவது, அதற்கு மதிப்பெண் கிடையாது. இந்த நான்கையும் சமன்செய்ய நேர மேலாண்மைப் பயிற்சி நடத்துகிறார்கள். நாளைப் பங்கு போட்டால் வாழ்வு சமனாகும் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஓர் இடத்தையும் அந்த இடத்தின் ஒரு சிக்கலையும் பற்றிக்கொண்டு நெடுங்காலம் நிற்கும் ஆசிரியருக்குத்தான் கற்பித்தலும் ஆய்வும் பொதுப்பணியும் ஒன்றுக்கொன்று தீனி போடும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள கரையைப் போல இதைச் சோதித்துப் பார்க்கத் தோதான இடம் தமிழ்நாட்டில் வேறு இல்லை.

அந்தக் கரையின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலா படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கையும் ஆட்களையும் கரைசேர்த்தன. 1861ல் கடலுக்குள் நீளும் இரும்புத் துறைமேடை ஒன்றைக் கட்டினார்கள். அடுத்தடுத்த புயல்கள் அதைச் சேதப்படுத்தின. 1875ல் துறைமுக வேலை தொடங்கியது. வில்லியம் பார்க்ஸ் வரைந்த திட்டப்படி கடலுக்குள் நீண்டு வளையும் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள், நடுவே கிழக்கு நோக்கிய வாய். 1881 நவம்பர் புயலில் பெரும்பகுதி சிதைந்தது. மறுபடி கட்டி முடிக்க அந்த நூற்றாண்டின் கடைசிவரை ஆனது. அதற்குள் மணல் தன் கணக்கைத் தொடங்கிவிட்டது.

ஆண்டின் பெரும்பகுதி இந்தக் கரையில் அலை தெற்கே இருந்து சாய்வாக வந்து மோதுகிறது. ஒவ்வோர் அலையும் கொஞ்சம் மணலைக் கிளப்பி வடக்கே நகர்த்துகிறது. வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் திசை மாறும், மணல் தெற்கே வரும். வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதுதான் மிகுதி. ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். இதைத் தெரிந்துகொள்ள மீனவர்களுக்குக் கருவி தேவைப்படவில்லை. தெற்கிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம் தெண்டி, வடக்கிருந்து தெற்கே ஓடுவது வன்னி என்று பிரித்துவைத்து, எப்போது எங்கே வலை விடலாம் என்று தலைமுறைகளாகக் கணித்துவருகிறார்கள்.

இந்த மணல் ஓட்டத்தின் குறுக்கே துறைமுகச் சுவர் நின்றது. தெற்கே மணல் தேங்கித் தேங்கி மெரினா அகன்றது. சென்னைக்காரர்கள் பெருமையோடு காற்று வாங்கும் அந்த அகலக் கடற்கரையில் பெரும்பங்கு துறைமுகம் தடுத்துவைத்த மணல்தான். சுவரைச் சுற்றி வந்த மணலோ கிழக்கு வாயை அடைக்கத் தொடங்கியது. 1904ல் பொறுப்பேற்ற ஸ்பிரிங், கிழக்கு வாயை மூடிவிட்டு வடகிழக்கில் புதிய வாயைத் திறந்தார். துறைமுகம் பிழைத்தது.

ராயபுரம் பிழைக்கவில்லை. தெற்கே தேங்கியது வடக்கே வரவேண்டிய மணல். அது வராமல் போனதும் ராயபுரம், திருவொற்றியூர், எர்ணாவூர்க் கரையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. 1856ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ஊரில், வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் இருந்த மணல்வெளி சுருங்கிச் சுருங்கிக் கருங்கல் குவியலாக முடிந்தது. இன்று எண்ணூர் விரைவுச் சாலையில் போகிறவர்கள் பார்க்கும் கடல், கல்லுக்கு அப்பால் இருக்கும் கடல்.

ஸ்பிரிங்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. துறைமுக வாய் அடைபடாமல் காப்பது அவர் வேலை; வடக்கேயுள்ள குப்பங்களைக் காப்பது அந்த வேலைக்குள் எழுதப்படவில்லை. அங்கேதான் சங்கதி இருக்கிறது. பொறியாளருக்கு ஒரு வாடிக்கையாளர் உண்டு, வாடிக்கையாளருக்கு ஓர் எல்லை உண்டு, மணலுக்கு அந்த எல்லை தெரியாது. எல்லைக்கு வெளியே நடப்பதையும் பார்க்கச் சம்பளம் வாங்கும் பொறியாளர் ஒருவர் சமூகத்தில் இருக்க வேண்டும் என்றால் அவர் பல்கலைக்கழகத்தில்தான் இருக்க முடியும். கல்விப்பணியில் இருக்கும் பொறியாளருக்கும் மற்றப் பொறியாளருக்கும் உள்ள வேறுபாடாக நான் கருதுவது இதைத்தான். முனைவர் பட்டத்தை அல்ல.

இந்தப் பங்கை ஓரளவு ஏற்றவர்கள் சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையினர். 1977ல் ஒரு மையமாகத் தொடங்கி 1982ல் துறையானது அது. அலைகளை உருவாக்கிச் சோதிக்கும் தொட்டிகள், அவற்றில் சிறு அளவில் கட்டிப் பார்க்கும் அலைதடுப்புகள் என்று ஆய்வகம் வளர்ந்தது. 2000களின் முற்பாதியில் ராயபுரத்துக்கு வடக்கே கரையிலிருந்து கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் வரிசையாகக் கட்டப்பட்டபோது அதற்குப் பின்னால் இந்தத் துறையின் ஆய்வும் வடிவமைப்பும் இருந்தன. இரண்டு வளைவுகளுக்கு நடுவே மணல் தேங்கியது. சில குப்பங்களுக்குப் படகு ஏற்ற இடம் திரும்பக் கிடைத்தது. வி. சுந்தர் முதலான பேராசிரியர்கள் அதோடு விடாமல், கட்டிய பிறகு கரைக்கோடு எப்படி மாறியது என்றும் அளந்து கட்டுரைகள் எழுதினார்கள். ஒரே கரை அவர்களுக்கு ஆலோசனைப் பணியாகவும் முனைவர் பட்ட மாணவர்களின் பொருளாகவும் வகுப்பறை எடுத்துக்காட்டாகவும் ஆனது. மூன்று கோப்புகள் ஒன்றாவது என்று நான் சொன்னது இப்படித்தான் நடக்கும்.

ஆனால் தூண்டில் வளைவும் மணலை உண்டாக்குவதில்லை, பிடித்துத்தான் வைக்கிறது. வளைவுகளின் வரிசை எங்கே முடிகிறதோ அங்கிருந்து வடக்கே அரிப்பு இடம்பெயரும். உடனே அடுத்த ஊர் எங்களுக்கும் தூண்டில் வளைவு வேண்டும் என்று மறியல் செய்யும். அந்தக் கோரிக்கை நியாயமானது, அதை நிறைவேற்றினால் அதற்கடுத்த ஊர் நிற்கும். நிலக்கரியிலும் இதே கதை. சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரித் தூசு ராயபுரத்து வீடுகளில் படிந்தது. 2011ல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு நிலக்கரியும் இரும்புத்தாதும் அங்கிருந்து நகர்ந்தன. எங்கே? வடக்கே, எண்ணூருக்கு. வடசென்னையில் தீர்வு என்ற பெயரில் நடப்பவற்றில் பாதி, சிக்கலை இன்னும் வடக்கே தள்ளிவிடுவதுதான்.

2001ல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் (இன்று காமராஜர் துறைமுகம்), அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி என்று ஒவ்வொரு புதிய சுவரும் மணலின் கணக்கை மறுபடி மாற்றி எழுதுகிறது. ஒரு சுவரின் விளைவு முழுதாகத் தெரியப் பத்து, இருபது ஆண்டு பிடிக்கும். ஆய்வுத் திட்டத்துக்குப் பணம் மூன்று ஆண்டுக்கு வரும். ஆலோசனை ஒப்பந்தம் ஆறு மாதத்தில் அறிக்கையோடு முடியும். மூன்றாண்டுத் திட்டத்தை வைத்துக்கொண்டு முப்பதாண்டுக் கரையைப் படிக்க முடியாது என்பது எளிய கணக்கு. அந்த இடைவெளியை நிரப்ப வல்லது ஒன்றுதான் உண்டு: ஓர் ஆசிரியரின் பணிக்காலம். இருபத்தெட்டு வயதில் சேர்ந்து அறுபதில் ஓய்வு பெறுகிறவர் கையில் முப்பத்திரண்டு பருவமழைகள் இருக்கின்றன. தனியார் நிறுவனத்திலோ அரசு அலுவலகத்தின் இடமாற்றங்களுக்கு நடுவிலோ யாருக்கும் கிடைக்காத சொத்து அது. அந்தச் சொத்தை ஆளுக்கொரு தலைப்பில் கட்டுரைகளாகச் சில்லறை மாற்றிச் செலவழிக்கிறோம்.

சென்னை வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். கிண்டிப் பொறியியல் கல்லூரி, ஐஐடி, மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், தரமணியின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம், குரோம்பேட்டை எம்.ஐ.டி., பள்ளிக்கரணையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் எல்லாம் நகரின் தெற்குப் பாதியில் இருக்கின்றன. அனல்மின் நிலையங்கள், சுத்திகரிப்பு ஆலை, உர ஆலைகள், வார்ப்பாலை, லாரித் தொழிற்சாலை, மூன்று துறைமுகங்கள் எல்லாம் வடக்கில். பொறியியல் படிப்பு ஓரிடத்தில், பொறியியலின் விளைவு இன்னோரிடத்தில். அசோக் லேலண்டும் என்ஃபீல்டும் ஐம்பதுகளில் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வேரூன்றின. அங்கே வேலை செய்தவர்களின் பிள்ளைகள் பொறியியல் படிக்கத் தெற்கே பஸ் ஏறினார்கள். பேராசிரியர்கள் எதிர்த்திசையில் வருவது ஒரு நாள் தொழிற்சாலைப் பார்வையிடலுக்கு. மதியம் ஒரு பொட்டலச் சாப்பாடு, வாசலில் ஒரு குழுப் படம், அதோடு சரி.

ஆசிரியரை மட்டும் குறை சொல்ல முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் நேரடியாகக் கற்பிக்க வேண்டும். காகிதத்தில் அது நியாயம். பல தனியார் கல்லூரிகளில் அதற்கு மேல் ஆய்வக வேலை, மாணவர் சேர்க்கைக்காக ஊர் ஊராகப் போவது, கட்டணம் கட்டாதவரைத் தொலைபேசியில் நினைவூட்டுவது எல்லாம் ஆசிரியர் தலையில். 2014ல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினரான பிறகு, பாடத்தின் பயன்களைத் துறையின் பயன்களோடு பொருத்திக் காட்டும் சிஓ-பிஓ அட்டவணைகள் வந்தன. நோக்கம் நல்லதுதான், மாணவனுக்கு என்ன தெரிந்தது என்று கேட்கச் சொல்கிறது. நடைமுறையில் தரச்சான்று வழங்கும் தேசிய வாரியத்தின் (என்பிஏ) குழு வருவதற்கு முந்தின வாரம் இரவெல்லாம் உட்கார்ந்து எண்களைப் பின்னோக்கி நிரப்புகிறார்கள். ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அதைக் கண்ணால் பார்க்காமலேயே பணியை விட்டவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். இதில் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் வேறு.

2010ல் மானியக் குழு கொண்டுவந்த ஏபிஐ மதிப்பெண் முறை, பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணத் தொடங்கியது. பின்னால் விதிகள் மாறின, எண்ணும் பழக்கம் மாறவில்லை. எண்ணுவதற்கு வசதியாகத்தான் எழுதுவார்கள். ஒரு கரையைப் பத்தாண்டு அளந்து ஒரு கட்டுரை எழுதுவதைவிட, இணையத்தில் கிடைக்கும் தரவை ஏதாவது ஒரு கணினி முறையில் போட்டு ஆண்டுக்கு ஐந்து எழுதுவது லாபம். எண்ணிக்கையை மட்டும் நம்பினால் எதுவரை போகும் என்பதற்கு 2024 ஜூலை ஓர் அடையாளம். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டவர்கள் 353 பேர் என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆவணங்களோடு குற்றம் சாட்டியது. முறைகேடு நடந்திருப்பதை அண்ணா பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டு விசாரணையில் இறங்கியது. ஆசிரியர் என்பவர் ஒரு படிவத்தில் நிரப்பப்படும் வரிசை எண் என்று ஆன பிறகு, ஒரே எண்ணைப் பல படிவங்களில் எழுத யாருக்கும் கூச்சம் வராது.

கிரிஃபித் எழுதிய கடிதத்தை இந்தப் படிவங்களில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது? அவர் துறை சிவில். ராமானுஜன் அவர் மாணவரும் இல்லை. அந்தக் கணிதம் அவருக்கு எட்டாதது, அதனால்தான் இன்னொருவரைக் கேட்டார். தமக்கு எட்டாத திறமையை எட்டக்கூடியவரிடம் கொண்டு சேர்ப்பது ஆசிரியத் தொழிலின் பெரிய வேலைகளில் ஒன்று. அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் பாயர் 1990ல், கண்டுபிடிப்போடு தொகுத்தறிதல், பயன்படுத்துதல், கற்பித்தல் ஆகியவற்றையும் புலமையாகவே மதிக்க வேண்டும் என்று வாதிட்டார். உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்ட வாதம். நம் பதவி உயர்வுக் குழுக்களில் அதன் காற்றுகூட வீசவில்லை.

சரி, கல்லூரியும் அரசும் திருந்தும்வரை காத்திருக்க முடியாதவர் என்ன செய்வது? சிவில் துறையில் இருப்பவருக்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. இறுதியாண்டு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் செய்முறைத் திட்டம் கொடுத்தே ஆக வேண்டும். பெரும்பாலும் போன ஆண்டு அறிக்கையின் அட்டையை மாற்றி ஒப்பேற்றுவார்கள். அதற்குப் பதில் திருவொற்றியூருக்கும் தாழங்குப்பத்துக்கும் நடுவே ஐந்தாறு நிலைக்குறிகளை முடிவு செய்து, லெவல் கருவியும் அளவுகோலும் கொண்டு, பருவமழைக்கு முன்னும் பின்னும் கரையின் குறுக்குவெட்டை அளக்கச் சொல்லலாம். எந்தச் சர்வே ஆய்வகத்திலும் இந்தக் கருவிகள் தூசு படிந்து கிடக்கும். இந்த ஆண்டு மாணவர்கள் அளந்த அதே இடத்தை அடுத்த ஆண்டு மாணவர்கள் அளப்பார்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் இருக்கின்றன, இலவசம்; கரைக்கோடு எங்கே இருந்தது என்று அவை சொல்லும், ஆனால் மணல் எவ்வளவு உயரம் தாழ்ந்தது என்பது களத்தில் இறங்கினால்தான் தெரியும். எட்டு பத்து ஆண்டில் அந்த ஆசிரியரிடம் ஐஐடியே கேட்டு வாங்கும் தரவு சேர்ந்திருக்கும். நல்ல கட்டுரைகள் தாமாக வரும். சர்வே வகுப்பில் அவர் சொல்லும் எடுத்துக்காட்டு பாடப்புத்தகத்தில் இருக்காது. நெட்டுக்குப்பத்திலிருந்து படிக்க வந்த மாணவி ஒருத்தி, தன் அப்பாவுக்குத் தெரிந்த தெண்டியையும் வன்னியையும் வகுப்பில் எழுந்து விளக்கும் நாளும் வரும்.

மற்றத் துறைகளுக்கும் வடக்கே வேலை கிடக்கிறது. 2017 ஜனவரி 28ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, கரையில் ஒதுங்கிய கசடை ஆட்கள் வாளிகளால் அள்ளினார்கள். இத்தனை பொறியியல் கல்லூரிகள் உள்ள மாநிலத்தின் தலைநகரில்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்துக்குள் வந்தது, மறுபடி மீனவர்கள் வெறுங்கையோடு இறங்கினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவையொட்டிப் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் செல்லும் அமோனியாக் குழாய் கசிந்து மக்கள் இரவோடிரவாக வீட்டை விட்டு ஓடினார்கள். வேதிப்பொறியியல், இயந்திரவியல், கருவியியல் ஆசிரியர்களுக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு பருவம் முழுக்க நடத்தும் அளவுக்குப் பாடம். அழுத்தம் குறைவதை உணரும் கருவி எங்கே இருக்க வேண்டும், எச்சரிக்கை மணி எத்தனை நிமிடத்தில் குப்பத்துக்குக் கேட்க வேண்டும், கழிமுகத்தில் நீர் ஏறும்போதும் இறங்கும்போதும் மிதவைத் தடுப்பை எந்த இடத்தில் போட வேண்டும். விடை தெரிந்த கேள்விகளும் இவற்றில் உண்டு, யாரும் உட்கார்ந்து இந்த ஊருக்காகக் கணக்குப் போடாத கேள்விகளும் உண்டு.

இங்கே ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வடசென்னையைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் பணம் தருகிறவர்கள் பெரும்பாலும் வடசென்னையில் ஆலை வைத்திருப்பவர்கள். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைத் திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனமே பணம் கொடுத்து எழுதி வாங்குவதுதான் இந்திய நடைமுறை. எண்ணூர்க் கழிவெளியின் எல்லை எது என்பதில் வரைபடத்துக்கு வரைபடம் வேறுபட்டது 2017ல் பெரும் சர்ச்சையானது. ஓர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பேராசிரியர் போடும் கையெழுத்தின் எடை மீனவர் சங்கத்தின் நூறு மனுக்களைவிட அதிகம். ஆலோசனைப் பணியை வேண்டாம் என்று சொல்லும் ஆளில்லை நான். அது இல்லாமல் பொறியியல் ஆசிரியருக்குக் கை பழகாது. ஆனால் தரவைக் கட்டுரையாக வெளியிடும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காதவர் ஆராய்ச்சி செய்யவில்லை, தம் பட்டத்தை வாடகைக்கு விடுகிறார். ஸ்பிரிங் தம் துறைமுகத்து மணலைப் பற்றிப் பொதுவில் எழுதியது அந்த வகையில் இன்றைய பல அறிக்கைகளைவிட நாணயமான செயல்.

வீட்டைப் பற்றிப் பேசாமல் சமநிலை என்ற சொல்லை எடுப்பது ஏமாற்று. கிண்டிக் கல்லூரியில் 1940களின் தொடக்கத்தில் மின்பொறியியல் படித்த அ. லலிதா, பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் நான்கு மாதக் குழந்தை. தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். ஆண்கள் மட்டும் படித்த கல்லூரியில் மகளைச் சேர்த்துக்கொள்ளும்படி முதல்வரிடம் பேசி வழி திறந்தார். லலிதா இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர்களில் ஒருவரானார்; மகளை வளர்த்தபடியே வேலை பார்த்தார், 1964ல் நியூயார்க்கில் நடந்த முதல் பன்னாட்டுப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டுக்கும் போனார். அவர் திறமை அவருடையது. ஆனால் குழந்தையை ஏந்திக்கொள்ள ஒரு பெரிய குடும்பமும், கல்லூரிக்குள் ஒரு தந்தையும் இருந்தார்கள். இன்று வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போய், மாலை ஆறரைக்கு வீடு திரும்பி, ரெக்கார்டு நோட்டுகளைச் சமையலுக்கு நடுவே திருத்தும் உதவிப் பேராசிரியைக்கு நேர மேலாண்மை வகுப்பு எடுப்பது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கல்லூரியில் ஒரு குழந்தைகள் காப்பகமும், மகப்பேறு முடிந்து வரும் பருவத்தில் பாதிப் பாடச்சுமையும் கொடுத்துவிட்டுச் சமநிலை பற்றிப் பேசட்டும்.

பொறியியலுக்கு வெளியே ஒரு வாழ்வு உண்டா என்று கேட்கிறவர்களுக்கு வா.செ. குழந்தைசாமியைச் சொல்லலாம். நீரியல் அறிஞர், கரக்பூர் ஐஐடியிலும் இல்லினாய் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். மழைக்கும் ஆற்றில் ஓடும் நீருக்கும் உள்ள தொடர்பைக் கணிக்கும் அவருடைய மாதிரி பாடநூல்களில் இடம்பெற்றது. அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக எண்பதுகள் முழுக்க இருந்தார். குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை எழுதினார்; 'வாழும் வள்ளுவம்' நூலுக்கு 1988ல் சாகித்திய அகாதெமி விருது வந்தது. எல்லோரும் குழந்தைசாமி ஆக முடியாது, ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் தமிழில் எழுதப் பழகிய பொறியியல் ஆசிரியர், தான் கண்டதைத் திருவொற்றியூர் வார்டு கூட்டத்தில் எழுந்து சொல்ல முடியும். ஆங்கிலக் கட்டுரையைக் காட்டி அங்கே எதையும் புரியவைக்க முடியாது.

இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்குள்ளாகிறது என்று தேசியக் கடலோர ஆய்வு மையம் கணக்கிட்டிருக்கிறது. ராயபுரம்–எண்ணூர்க் கரை அதில் மிகப் பழைய நோயாளி, மருத்துவக் குறிப்பேடு மிக நீளமானது. அதைத் தொடர்ந்து எழுதிவர ஆள் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் சென்னை, திருவள்ளூர் மாவட்டப் பொறியியல் கல்லூரிகளின் நிர்வாகங்களுக்கும் என் கோரிக்கை இதுதான்: வடசென்னையின் ஏதாவது ஒரு சிக்கலைப் பத்தாண்டு தொடர்வேன் என்று எழுதிக் கொடுக்கும் ஆசிரியருக்கு, 16 மணி நேரப் பாடச்சுமையில் நான்கு மணி நேரத்தைக் குறையுங்கள். பதவி உயர்வின்போது அவருடைய அளவீட்டுப் பதிவேட்டையும், மீனவர் கூட்டத்தில் தமிழில் அவர் கொடுத்த அறிக்கையையும், பத்திரிகையில் வந்த கட்டுரைக்கு இணையாக வைத்துப் பாருங்கள். இதற்குப் புதுக் கட்டடமோ புதுச் சட்டமோ வேண்டாம். கல்விக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.